அங்காப்பு

எட்டாம் வகுப்புக்கு 'எழுத்துகளின் பிறப்பு' நடத்தும்போது நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்வேன். 'அ', 'ஆ' இரண்டுக்கும் வாய் திறந்தாலே போதும். இலக்கணம் அதற்கு அங்காப்பு என்று பெயர் வைத்திருக்கிறது. 'இ', 'ஈ' சொல்லும்போது திறந்த வாய்க்குள் நாக்கின் ஓரம் மேல்வாய்ப் பல்லைப் பொருந்தும். 'உ', 'ஊ' வந்தால் உதடு குவியும். பிள்ளைகள் முதலில் என் வாயைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் தங்கள் வாய்க்குள் நடப்பதைக் கவனிக்கத் தொடங்குவார்கள். பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் மொழி எங்கே பிறக்கிறது என்று ஒரு பிள்ளை தன் நாக்காலேயே தொட்டுப் பார்க்கும் நேரம் அது. இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு.

2025 ஜூன் மாதம் ஒரு காலை, கரும்பலகை முன் நின்று 'ஆ' என்று வாயைத் திறந்தேன். இரண்டு விரல் அகலம் திறப்பதற்குள் இடப்பக்கம் ஏதோ பிடித்து நிறுத்தியது. தாடை நேராக இறங்காமல் இடப்புறமாகக் கோணியது. காதுக்கு முன்னால் ஊசி இறங்கியது போல் ஒரு வலி. வந்த ஓசை 'ஆ'வாக இல்லை. 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. முதல் பெஞ்சுப் பையன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். அவன் கேலி செய்யவில்லை. டீச்சர் சொன்னதைச் சொன்னான்.

வாய் பூட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஆனால் பூட்டத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரம். தென்பெண்ணை ஆற்றுக்கு இக்கரை புதுச்சேரி, அக்கரை கடலூர் மாவட்டம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அக்கரையில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த மழையைக்கூட ஊர் ஒருவாறு தாங்கிக்கொண்டது. அதன் பின்னால் வந்த ஆற்றைத்தான் தாங்க முடியவில்லை. மேலே பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்களை வந்து சேர்ந்தபோது கரை எது, வயல் எது, தெரு எது என்று தெரியவில்லை. குருவிநத்தம், பரிக்கல்பட்டு, இருளஞ்சந்தை, நாங்கள் எல்லோரும் ஒரே ஆற்றுக்குள் இருந்தோம்.

அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எழுபத்து நான்கு வயது, முட்டி மடங்காது. பிள்ளைகள் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழே பீரோ சாய்ந்த சத்தம் கேட்டது. மாட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த கன்றின் கயிற்றை அறுத்துவிட என் கணவர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. நான் எதுவும் பேசவில்லை, அழவில்லை. அம்மா மட்டும் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பல்லக் கடிச்சிக்கிட்டு இருடி பாப்பா. விடிஞ்சா வடிஞ்சிரும்."

நம் மொழியில் பொறுத்துக்கொள் என்பதற்கு இப்படித்தான் சொல்கிறோம். சொல்கிறவர்களும் கேட்கிறவர்களும் அதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். அன்றிரவு நான் உண்மையாகவே கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கன்றோடு படியேறி வந்த பிறகும் தாடை இளகவில்லை. தண்ணீர் வடிந்தது, சேற்றை வாரினோம், அழுகிய நெல்லை அள்ளிக் கொட்டினோம், பாங்க்கில் நகையை வைத்தோம். அத்தனை நாளும் பல்லோடு பல் சேர்ந்தேதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பொங்கல் கழித்து ஒரு நாள் என் மகன்தான் சொன்னான்: "ராத்திரியில நீ பல்லக் கடிக்கிறம்மா. ஏந்திரத்துல அரிசி திரிக்கிற மாதிரி சத்தம் வருது."

ஜனவரியில் காது வலி வந்தது. காதில் ஒன்றும் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பிப்ரவரியில் பொட்டுப் பக்கம் தலைவலி. காலையில் எழுந்ததும் கன்னம் மரத்துப்போய், இட்லியைக்கூட மெதுவாகத்தான் மெல்ல முடிந்தது. மார்ச்சில் வலி ஓர் இடத்தில் வந்து நின்றது. இடப்பக்கம் கீழ்க்கடைவாய்ப் பல். விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் தெளிவான வலி. ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து, வேரில் சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். வலிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் நானும் சரி என்றேன். முக்கால் மணி நேரம் வாயை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். பல் போனது. புண் ஆறியது. வலி போகவில்லை. திரும்பப் போனபோது பக்கத்துப் பல்லுக்கு ரூட் கேனால் செய்யலாம் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வகுப்பில் வாய் பூட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். இதமாக இருந்தது, ஆனால் திறக்கவில்லை. மறுநாள் சுளுக்கு வழிக்கும் ஆயாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் கை பிசகினாலும் கழுத்து பிடித்துக்கொண்டாலும் முதலில் அவளிடம்தான் போவோம். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கினாள். காதடியிலிருந்து தாடை முனை வரை கட்டை விரலால் வழித்தாள். அழுத்தமில்லை, ஆனால் விரல் எதையோ தேடிக்கொண்டே போனது. ஓர் இடத்தில் நின்று, இரண்டு முறை அங்கேயே திரும்பி வந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"எலும்பு இடத்துலதான் இருக்குது. சதைதான் முறுக்கிக்கினு கிடக்குது. வாய் மூடாம வந்தா நான் பெருவெரல உள்ள குடுத்து அமுக்கி ஏத்திவுட்டுருவேன். தொறக்காத வாய்க்கு அது ஆவாது. எவனாவது வெடுக்குனு இழுக்கறன்னு சொன்னா போயிராத. ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் சொன்ன இந்தப் பாகுபாடு எவ்வளவு சரியானது என்பது பிறகு படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கொட்டாவி விடும்போது தாடை நழுவி வாய் மூட முடியாமல் போகிறதே, அது ஒரு வகை. அதற்குக் கட்டை விரல்களை வாய்க்குள் கொடுத்து, மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழே பிடித்து, தாடையை இடத்துக்குத் திருப்பும் முறை எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் ஏட்டிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 3600 ஆண்டு பழைய ஏடு. என்னுடையது அதற்கு நேர் எதிர். திறக்கவே மறுக்கும் வாய். ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் கெடுதல். அந்த ஆயா எந்த ஏட்டையும் படித்தவள் இல்லை. தன் கை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் படித்தவர்கள் பலரிடமும் நான் பார்க்காத அறிவு அது.

தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் மருத்துவர் பல்லைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். "பாக்கு, குட்கா ஏதாவது போடுவீங்களா டீச்சர்?" என்றுதான் முதல் கேள்வி. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் சுருங்கும் நோய் ஒன்று உண்டு. நம் நாட்டில் 1953 வாக்கிலேயே மும்பை மருத்துவர் ஜோஷி அதைப் பற்றி எழுதியிருக்கிறார். புற்றுநோயாக மாறக்கூடியது. அங்கே இறுகுவது தோல். தசையைத் தடவி மட்டும் அதை அவிழ்த்துவிட முடியாது. பிறகு காய்ச்சல் உண்டா, கன்னம் வீங்கியதா, அடிபட்டதா, சமீபத்தில் ஆணி ஏதும் குத்தியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சீழ் கட்டினாலும் வாய் திறக்காது. டெட்டனஸ் வந்தாலும் திறக்காது. ஊரில் வாய்ப்பூட்டு என்று அஞ்சியது அதைத்தான். இவை எதுவும் இல்லை என்று தீர்மானித்த பிறகுதான் என் தாடையில் கை வைத்தார். நான் பையில் கொண்டுபோயிருந்த பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிடுங்கிய பல்லில் நோய் இருந்ததாகத் தெரியவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் போனேன். வயது முப்பதுக்குள் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்கேலால் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் அளந்தாள். 24 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும். ஸ்கேல் இல்லாவிட்டாலும் பார்க்கலாம்: உங்கள் சொந்தக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். எனக்கு இரண்டு விரலே நுழையவில்லை.

பிறகு அவள் என் கீழ்ப்பல்லில் விரல் வைத்து மிக மெதுவாக இறக்கிப் பார்த்தாள். நான் திறந்ததைவிட ஐந்தாறு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியது. "நல்ல சேதி டீச்சர்" என்றாள். மூட்டுக்குள் இருக்கும் வட்டு நழுவி அடைத்துக்கொண்டிருந்தால், கையால் இறக்கினாலும் கதவு நாதாங்கியில் இடித்த மாதிரி ஓர் இடத்தில் நின்றுவிடுமாம். தசை பிடித்திருந்தால் ரப்பர் போலக் கொஞ்சம் இடம் கொடுக்கும். தாடை ஏன் இடப்பக்கம் கோணுகிறது என்றும் அன்று விளக்கினாள். கீழ்த்தாடை ஒரே எலும்பு, அதற்கு மூட்டு இரண்டு. இரண்டும் சேர்ந்துதான் அசைய வேண்டும். வாய் திறக்கும்போது மூட்டு முதலில் உருளும், பிறகு முன்னால் வழுக்கும். ஒரு பக்கம் வழுக்காமல் நின்றுவிட்டால் மறுபக்கம் மட்டும் முன்னேறி, தாடை நின்ற பக்கமாகத் திரும்பிவிடும். ஏர் உழும் மாட்டில் ஒன்று நின்றால் கலப்பை திரும்புவது போல என்று நான் சொன்னேன். அவள் ஆமாம் என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியாது. கையுறை போட்ட கட்டை விரலைக் கன்னத்துக்குள் கொடுத்தாள். ஆள்காட்டி விரல் வெளியே. நடுவில் தசை. மெல்லுவதற்கான தசைகளில் மிகவும் வலுவானது அது. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைத்துத் தெரியும். இரண்டு விரலாலும் அதைப் பிடித்து, இழை இழையாக நகர்த்தி, ஓர் இடத்தில் நின்றாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டி. "இங்க அழுத்தப் போறேன். வலி பத்துக்கு எவ்வளவுன்னு கைவிரலால காட்டுங்க. ஆறுக்கு மேல போனா குறைச்சிடுவேன்." அழுத்தினாள்.

பல் வலித்தது. மார்ச் மாதம் பிடுங்கிக் குப்பையில் போட்ட பல்.

அதே இடம், அதே குடைச்சல், வேர் வரை இறங்கும் அதே வலி. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், வந்தது. நான் அவள் கையை விலக்கிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று பல் இல்லாத ஈறைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. தசையில் இப்படி முடிச்சு விழுந்தால் வலி அந்த இடத்தில் தெரியாமல் வேறு இடத்தில் தெரியும் என்றாள். அவளிடம் ஒரு படம் இருந்தது. கன்னத்துத் தசையின் கீழ்ப்பகுதி வலியைக் கீழ்க்கடைவாய்ப் பற்களுக்கு அனுப்பும், அதன் உட்பகுதி காதுக்குள் அனுப்பும், பொட்டுத் தசை மேல்வரிசைப் பற்களுக்கும் நெற்றிக்கும் அனுப்பும். என் காது, என் தலைவலி, என் பல், ஆறு மாதமாக நான் அலைந்த அத்தனை ஊரும் அந்த ஒரு படத்தில் இருந்தன.

அந்த வரைபடத்தைப் பெரும்பாடுபட்டு உருவாக்கியவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். 1961-இல் அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர். கென்னடியின் முதுகுவலிக்குத் தசையில் வைத்தியம் பார்த்தவர். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து உடம்பின் மேற்பாதியில் எந்தத் தசையின் வலி எங்கே போய்த் தெரிகிறது என்று 1983-இல் புத்தகமாக்கினார். ஒரு காலத்தில் தாடை வலிக்குப் பல்லையும் மூட்டையும்தான் குற்றம் சொன்னார்கள். 1934-இல் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் போய்த் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதுதான் காரணம் என்று எழுதினார். 1969-இல் டேனியல் லாஸ்கின் வந்து, மன அழுத்தத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் களைத்துப்போன தசைதான் பெரும்பாலும் காரணம் என்றார். அதைப் படித்தபோது எனக்கு அம்மா மாடியில் சொன்னது காதில் கேட்டது.

வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். அவள் செய்ததை மசாஜ் என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. ஒவ்வொரு முறையும் முதலில் சூடான ஈரத்துணி. பிறகு வெளியிலிருந்து பொட்டு, கன்னம், கழுத்து. அதன் பிறகு வாய்க்குள். முடிச்சின் மேல் விரலை வைத்து, தேய்க்காமல், நசுக்காமல், அப்படியே காத்திருப்பாள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அடியில் இருப்பது தானாக இளகும். அந்த இளகலை அவள் விரலும் என் கன்னமும் ஒரே நேரத்தில் உணர்ந்தன. பின்பு கட்டை விரலைக் கீழ்க்கடைவாயில் வைத்து, மூட்டைக் கீழ்நோக்கி நூலளவு இழுத்துப் பிடிப்பாள். கடைசியில், "மூடப் பாருங்க, நான் விடமாட்டேன்" என்பாள். ஐந்தாறு எண்ணும்வரை அவள் விரலை எதிர்த்து நான் மூட முயல வேண்டும். "இப்ப விட்டுட்டுத் திறங்க." முயற்சியை விட்ட அந்த நொடியில் தசை தளரும், வாய் முன்பைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடத் திறக்கும்.

மூன்றாவது வாரம் தாடையின் உட்புறத் தசைக்கு வந்தாள். கடைசிப் பல்லுக்கும் பின்னால், தொண்டைக்குப் பக்கம். குமட்டும் இடம். "மூக்கால மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு விரலை வைத்தாள். அந்த வலி பத்துக்கு நாலுதான் இருக்கும். ஆனால் எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. அரை மணி நேரம் என் கணவர் தண்ணீரிலிருந்து திரும்பாமல் இருந்தபோது வராத அழுகை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இன்னொரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தண்ணீர் வடிந்த ஏழாம் மாதம் அது. அன்று ஸ்கேல் 35 காட்டியது.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளில் ஒன்று எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டது. "நாக்கு நுனிய மேல் முன்பல்லுக்குப் பின்னால, அந்த மேட்டுல வைங்க டீச்சர். 'ன்' சொல்றப்ப நாக்கு எங்க போகுதோ அங்க. நாக்கு அந்த இடத்த விடாம வாய எவ்வளவு திறக்க முடியுதோ அவ்வளவு திறங்க. ஆறு தடவை. ஒரு நாளைக்கு ஆறு வேளை." நான் சிரித்துவிட்டேன். நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொடப் பிறப்பவை றகரமும் னகரமும் என்று தொல்காப்பியப் பிறப்பியலில் இருக்கிறது. வருடா வருடம் நான் நடத்துவது அது என்று சொன்னேன். நாக்கு அங்கே இருக்கும்போது தாடை கோணாமல் நேராக இறங்குகிறது. தேவைக்கு மேல் முன்னே பாயாமலும் இருக்கிறது. எழுத்து பிறக்கும் இடத்திலேயே எனக்கு மருந்தும் இருந்தது.

சும்மா இருக்கும்போது வாய் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அவள் ஓர் எழுத்தைத்தான் சொன்னாள். 'ம்'. உதடு சேர்ந்திருக்கும், பல் சேர்ந்திருக்காது. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிரப் பல்லோடு பல் படவே கூடாது. இது நினைவில் நிற்க வேண்டுமே! ஸ்டிக்கர் பொட்டுகளை வாங்கி நான் அடிக்கடி பார்க்கும் இடங்களில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். கைக்கடிகாரத்தில், அடுப்படிச் சுவரில், கரும்பலகையின் மூலையில், திருத்தும் நோட்டுக் கட்டின் மேல். சிவப்புப் பொட்டு கண்ணில் பட்டால் பல்லை விட வேண்டும். முதல் வாரம் எந்தப் பொட்டைப் பார்த்தபோதும் பல் கடித்தபடியேதான் இருந்தது. நாள் முழுக்கக் கடித்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறேன் என்று அந்தப் பொட்டுகள்தான் எனக்குக் காட்டின. பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். பிறகு நான் முகத்தை இறுக்கினால் ஒரு பெண் பிள்ளை தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டுவாள்.

அம்மா கூழும் குழைந்த சோறும் செய்து போட்டாள். முறுக்கு, பட்டாணி, கரும்பு எல்லாம் நிறுத்தம். எங்கள் பக்கத்துக் கரும்பைக் கடிக்காமல் இருப்பது கடினம். பல்லால் உரித்துத் தின்றே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒத்தடம் மட்டும் அவள் விடவில்லை, பிசியோதெரபிப் பெண்ணும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் இரவு வறுத்த உப்பு மூட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே இருவரும் பேசிக்கொண்டிருப்போம். "நான்தானே பல்லக் கடிக்கச் சொன்னன்" என்று ஒரு நாள் சொன்னாள். "நீ சொல்லலன்னா அன்னிக்கு ராத்திரி நான் உடைஞ்சிருப்பேம்மா" என்றேன். அதுவும் உண்மை.

ஆறாவது வாரக் கடைசியில் 42 மில்லிமீட்டர். காது வலி இல்லை, தலைவலி எப்போதாவது. ஆகஸ்டில் எட்டாம் வகுப்பில் விட்டுப்போன பாடத்தை மறுபடி எடுத்தேன். 'ஆ' வந்தது.

இந்த வைத்தியம் எனக்கு மட்டும் கேட்டது அல்ல. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கையால் தாடை மூட்டை அசைத்துவிடுவது, தசை முடிச்சுகளைக் கையால் இளக்குவது, கூட இருந்து சொல்லித்தரும் தாடைப் பயிற்சி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை இவற்றையெல்லாம் அது அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் வட்டை வெட்டி எடுக்கும் அறுவையை அதே அழுத்தத்தோடு வேண்டாம் என்கிறது. செலவு குறைந்த, கத்தி படாத, பக்கவிளைவு அதிகம் இல்லாத வைத்தியம் முன்வரிசையில் நிற்கும்போது, எங்களைப் போன்றவர்கள் அதைக் கடைசியாகக் கேள்விப்படுகிறோம். எனக்கு அது இருப்பது தெரிவதற்குள் ஒரு பல் போய்விட்டது, அரைச் சம்பளம் செலவாகிவிட்டது.

எல்லாத் தாடை வலியும் தசை வலி இல்லை. காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், அடிபட்டிருந்தால், பாக்குப் பழக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், யாரையும் தடவவிடாதீர்கள். வெடுக்கென்று இழுத்துத் திறக்கிறேன் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். ஆனால் கடைவாய்ப் பல் வலி என்று போய், எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஊசி போடும் முன் ஒரு நிமிடம் கேளுங்கள். கன்னத்துத் தசையை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தும்போது பல் வலித்தால், பல்லை எடுக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.